ஆச்சு என்று சொன்ன இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

ஏரிக்கரையில் ஒரு பெரிய இலுப்பைத் தோப்பு இருந்தது. அந்தத் தோப்பில்தான் விலங்குகளின் கல்லூரி நடந்தது. மலைக்கு அப்பாலிருந்தும் ஆற்றுக்கு அப்பாலிருந்தும் முயலும் மானும் மந்தியும் வந்து தங்கிப் படித்தன. மூவரி என்ற அணில் அங்கே கடைசி ஆண்டு மாணவி. எதைக் கண்டாலும் எண்ணிப் பார்த்து இலையில் கீறி வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. மாணவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் பழமும் கொட்டையும் நின்றுபோயின. ஆனால் ஏரிக்கரையில் குடியிருந்த விலங்குகள் விவரமானவை. நல்ல காலத்திலேயே கம்பும் கிழங்கும் சேர்த்து ஒரு மருத மரப் பொந்து நிறைய அடைத்து வைத்திருந்தன. அதை என்ன செய்வது என்று ஏரிச் சபையில் பெரிய வாக்குவாதம் வந்தது.

“படிக்க வந்த பிள்ளைங்க பசியோட கிடக்கக் கூடாது. தினம் ஒரு வேளை கஞ்சி ஊத்தலாம்!” என்றது நாரை.

“பசியா? யார் சொன்னது? எல்லாத்தையும் வச்சு இந்த வருஷத் திருவிழாவை அமர்க்களப்படுத்தலாம்!” என்றது மயில்.

சபைத் தலைவர் எருமை கொஞ்ச நேரம் அசை போட்டார். “நாம எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்? பிள்ளைங்களையே கேட்டுட்டாப் போச்சு! கல்லூரியில ஒரு ஆய்வு பண்ணச் சொல்லுங்க” என்றார்.

அந்த வேலை ஆமைப் பேராசிரியரிடம் போனது. அவர் அதை மூவரியிடம் தள்ளினார். “மாணவர் நலன் பற்றிய ஆய்வு! கேள்வி சுருக்கமா இருக்கணும். பதில் அதைவிடச் சுருக்கமா இருக்கணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது ஐயா!” என்று வாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள் மூவரி.

ஒரே ஒரு கேள்விதான் வைத்துக்கொண்டாள். மாணவர் ஒவ்வொருவரிடமும் போய், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சு!” என்றது முயல்.

“ஓ, ஆச்சே!” என்றது மான்.

“ஆச்சு, ஆச்சு! நீ சாப்பிட்டியா?” என்றது மந்தி.

மூவரியின் அறைத்தோழி கூராயி என்ற முள்ளம்பன்றி. அவளிடமும் கேட்டாள். கூராயி படுத்தபடியே, “ஆச்சுடி! வயிறு முட்ட!” என்றாள். மூவரி இலையில் ஒரு கீறு கீறினாள்.

கடைசியில் ஓர் இலை மிச்சம் இருந்தது. அது மூவரிக்கு உரியது. அதிலும் ‘ஆச்சு’ என்று கீறி, மற்ற இலைகளோடு சேர்த்துக் கட்டினாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு இலைகள். இருநூற்றுப் பன்னிரண்டு ஆச்சுகள்! பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. “நூற்றுக்கு நூறு! என் ஆயுசுல இப்படி ஒரு சுத்தமான முடிவைப் பார்த்ததே இல்லை!” என்று கழுத்தை முழுசாக வெளியே நீட்டிப் பாராட்டினார். அறிக்கை சபைக்குப் போனது. ‘மாணவர்கள் யாவரும் நலம். நாளை மறுநாள் காலை மருத மரப் பொந்து திருவிழாவுக்காகத் திறக்கப்படும்’ என்று அறிவிப்பு வந்தது.

மூவரிக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை துள்ளிக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். அங்கே கூராயி தன் சாமான்களை ஒரு தேக்கிலையில் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கேடி கிளம்பிட்டே?”

“ஊருக்கு. படிச்சது போதும்.”

“உன் ஊருக்கு மூணு நாள் நடக்கணுமே! வழியில சொட்டுத் தண்ணி கிடையாது. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு!”

கூராயி மூட்டையைத் தூக்கினாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் கால் மடங்கி அப்படியே சரிந்து விழுந்தாள். மூவரி ஓடிப்போய் ஓர் இலையில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் விட்டாள்.

கண்ணைத் திறந்ததும் கூராயி முனகினாள். “நாலு நாளா ஒண்ணும் சாப்பிடலைடி.”

“அடிப் பாவி! முந்தாநாள் கேட்டதுக்கு வயிறு முட்டச் சாப்பிட்டேன்னியே!”

“நீ கேட்டே, நான் சொன்னேன். சாப்பிட்டியான்னு கேக்கிறவங்ககிட்ட இல்லைன்னு யாராவது சொல்லுவாங்களா? கேட்டவளுக்குத்தானே சங்கடம்? ஏன், நீ மட்டும் உன் இலையில என்ன எழுதினே?”

மூவரிக்குச் சுருக்கென்று தைத்தது. அவளும்தான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை! பசியோடு உட்கார்ந்து, பசி இல்லை என்று தன் கையாலேயே கீறியிருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் அறிக்கையை நம்பி நாளைக் காலை பொந்தைத் திறந்து திருவிழாவில் இறைத்துவிடுவார்கள். இந்தக் கூராயி அந்தக் காய்ந்த மலையைத் தாண்டி உயிரோடு வீடு போய்ச் சேருவாளா?

“ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோ. நாளைக்குச் சபை கூடுற வரைக்கும் போகாதே. என் மேல சத்தியம்!” என்றாள். கூராயி அரைமனதாகத் தலையாட்டினாள்.

மூவரி அரக்கப் பரக்கப் பேராசிரியரிடம் ஓடினாள். “ஐயா, அறிக்கையைத் திருப்பி வாங்கணும்! அதுல இருக்கிறது அத்தனையும் தப்பு!”

“என்ன உளர்றே? இருநூத்துப் பன்னிரண்டு பேருமா பொய் சொல்லுவாங்க?”

“மத்தவங்களைத் தெரியாது ஐயா. நான் சொன்னேன்!”

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. தலையைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டார். “எழுதினது எழுதினதுதான். வேணும்னா நாளைக் காலைக்குள்ள மறுபடியும் கேட்டு எழுதிட்டு வா. ஒரு ஆள் குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்!”

மூவரி மறுபடியும் கிளம்பினாள். இந்த முறை கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். ‘சாப்பிட்டாச்சா என்று கேட்டால்தானே ஆச்சு என்பார்கள்? என்ன சாப்பிட்டாய் என்று கேட்போம்’ என்பது அவள் போட்ட திட்டம்.

“நேத்து என்ன சாப்பிட்டே?” என்று முயலைக் கேட்டாள்.

“அது வந்து... அருகம்புல்! பச்சைப் பசேல்னு!” என்றது முயல். ஏரிக்கரை முழுக்கத் தேடினாலும் அருகம்புல் ஒரு தாள் கிடையாது.

மந்தி இன்னும் ஒரு படி மேலே போனது. “பலாச்சுளை! அப்புறம் தேன்! அதுக்கு மேல வாழைப்பழம் ரெண்டு!”

கேட்கக் கேட்க மூவரியின் வாயில் எச்சில் ஊறியது. பாவம், சொன்ன மந்தியின் வாயிலும் ஊறியது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கையில் இருந்த இலைகளில் விருந்துச் சாப்பாடு மட்டுமே எழுதியிருந்தது. தன்னால் ஒன்றும் ஆகாது என்று மூவரி வகுப்பு நடக்கும் மேட்டில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். சுற்றி மாணவர்கள் கூடினார்கள்.

“ஏன் மூவரி, என்ன ஆச்சு?” என்று கேட்டது மான்.

“பசிக்குது!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் மூவரி. “ரெண்டு நாளா நான் சாப்பிடலை. அன்னைக்கு என் இலையில ஆச்சுன்னு எழுதினது பொய். சொல்லவே வெக்கமா இருக்கு. ஆனா பசிக்குது!”

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எனக்கு மூணு நாள்” என்றது முயல், தரையைப் பார்த்தபடி.

“எனக்கும் மூணு!” என்றது மான்.

“பலாச்சுளையைக் கண்ணால பார்த்து ஆறு மாசம் ஆகுது!” என்று தலையில் அடித்துக்கொண்டது மந்தி.

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. “என் பேரை எழுது!” “என்னோடதை முதல்ல எழுது!” என்று ஆளுக்கு ஆள் முண்டியடித்தார்கள். மூவரிக்குக் கீறிக் கீறி நகமே தேய்ந்துபோனது. அன்று சாயங்காலம் எல்லாருக்கும் வயிறு காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசில் இருந்த பாரம் இறங்கி, பல நாள் கழித்துத் தோப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை சபை கூடியது. மயில் திருவிழாவுக்குத் தோகையை நீவிக்கொண்டு நின்றது. பொந்தைத் திறக்க எருமைத் தலைவர் கொம்பை வைக்கப் போனார்.

“நிறுத்துங்க ஐயா!” என்று குறுக்கே பாய்ந்தாள் மூவரி. பின்னால் கூராயி உட்பட மாணவர்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். “நான் கொடுத்த முதல் அறிக்கை பொய். இதோ, மறுபடியும் கேட்டு எழுதினது! இருநூத்துப் பன்னிரண்டு பேர்ல நூத்து எழுபது பேர் பட்டினி. அந்தப் பட்டினிக் கணக்குல முதல் ஆள் நான்!”

எருமை திடுக்கிட்டுப்போனார். “அப்ப அந்த நூற்றுக்கு நூறு? பேராசிரியர் கையெழுத்துப் போட்டுத்தானே வந்தது?”

எல்லாருடைய கண்ணும் ஆமையின் பக்கம் திரும்பியது. பேராசிரியர் தலையையும் நாலு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார். வெறும் ஓடுதான் தெரிந்தது. இப்போது அவர் ‘இது செல்லாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் போச்சு.

“பேராசிரியரே, ரெண்டுல எந்த அறிக்கை சரி?” என்று எருமை அதட்டினார்.

ஓட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. “ரெண்டாவதுதான் சரி. ஆனா அதுலயும் ஒரு ஆள் குறையுது.”

“யாரு?”

“நான்! ஏரியில தாமரைத் தண்டு காய்ஞ்சு பதினைஞ்சு நாளாச்சு. பேராசிரியர் எப்படிப் போய்ப் பசிக்குதுன்னு சொல்றதாம்?”

எருமைத் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நல்ல கல்லூரிய்யா இது! வாத்தியாரும் பட்டினி, பிள்ளைங்களும் பட்டினி. கேட்டா எல்லாரும் சௌக்கியம்!” என்றார். உடனே கொம்பால் பொந்தின் வாயை நெம்பித் திறந்தார். கம்பு மடமடவென்று கொட்டியது.

“திருவிழா?” என்று இழுத்தது மயில்.

“மழை வந்ததும் வச்சுக்கலாம். அதுவரைக்கும் தினம் ஒரு வேளை இங்கேதான் பந்தி!” என்றார் எருமை. மயிலும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு இலை போடப் போனது.

மூவரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கம்பங்கஞ்சியும் சுட்ட கிழங்கும் வந்தன. கூராயி தலை நிமிராமல் சாப்பிட்டாள். அவள் இலை காலியானதைப் பார்த்துவிட்டு நாரை பக்கத்தில் வந்து நின்று கேட்டது: “போதுமா?”

கூராயி வழக்கம்போல ‘போதும்’ என்று சொல்ல வாயெடுத்தாள். மூவரியைப் பார்த்தாள். பிறகு தோப்பே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.

“போதாது! இன்னும் வேணும்!”

பிறர் துன்பத்தை அறிய விரும்புகிறவர், தம் துன்பத்தை முதலில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.