எண்பத்தி மூணாம் வருச ஷீட்டோட இடது பக்கம்

"அதில்லவே. எப்படிக் கணக்குப் போட்டாலும் நான்தான் முதல்ல வாரேன். அதான் சங்கடமே."

ஆசீர்வாதம் பென்சில் சீவுறதை நிறுத்தல. "முதல்ல வாறது ஒரு சங்கடமா அண்ணாச்சி?"

"வரிசை போடுறதும் நானு, வரிசைல வாறதும் நானு. வெளிய தெரிஞ்சா சிரிப்பானுவ."

"சிரிக்கட்டுமே. ஊர்ல சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

பெத்துராஜ் ஸ்கோர் ரூம்ல கிடந்த இரும்பு நாற்காலில உக்காந்தாரு. உக்கார்றதுக்கு முன்னால ஒரு தடவை யோசிச்சிட்டுத்தான் உக்கார வேண்டியிருக்கு. ரெண்டு முழங்காலும் போயிருச்சு.

மில்லு பாஸ்கெட்பால் டீமுக்கு இது அம்பதாவது வருசம். பந்து விளையாடுறதுக்குன்னே சம்பளம் கொடுத்து ஆளு வச்ச மில்லு அது. தறிப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பாக்காம, தறிக்காரன் சம்பளத்தை வாங்குனவங்க அறுபது எழுபது பேரு இருக்கும். அத்தனை பேர்ல யாரு, எந்த வருசம், உச்சத்துல நின்னான்னு பாத்து, பத்து சீசனைப் பொறுக்கி, வரிசையா மைதானத்துச் சுவத்துல எழுதணும்னு கமிட்டி முடிவு பண்ணுச்சு. பொறுக்குற வேலையைப் பெத்துராஜ் தலைல கட்டுச்சு. பழைய கேப்டன், வயசு அறுபத்தி நாலு, வேற சோலி கிடையாது.

ரெண்டாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் பெயிண்டர் எழுதி முடிச்சிட்டான். மேல ஒரு வரி பாக்கி. அஞ்சு மணிக்கு விழா. இப்ப மணி மூணு.

ஆசீர்வாதம் அந்த மைதானத்துல நாப்பத்தோரு வருசமா ஸ்கோர் எழுதுறவரு. பெத்துராஜைவிட நாலு வயசு சின்னவரு. ஆனா என்ன தகராறுன்னாலும் அவருகிட்டத்தான் போவாங்க. அவரு தீர்ப்புச் சொன்னதா யாருக்கும் ஞாபகம் இல்ல. அந்த மேட்ச் ஷீட்டை எடுத்து, வந்தவன் பக்கம் திருப்பி வைப்பாரு. வந்தவன் பாப்பான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிவான். போயிருவான்.

அதனால அவருக்கு குருன்னு பேரு வந்துச்சு. அவரு அதை வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல.

"எத்தனை விதமாப் போட்டுப் பாத்தீங்க?"

"ஏழு."

"ஏழா?"

"மொத்தப் பாயிண்டு வச்சுப் போட்டேன். சராசரி வச்சுப் போட்டேன். நல்ல டீமோட மோதுனதை மட்டும் தனியா எடுத்துப் போட்டேன். கோப்பை ஜெயிச்சதுக்குக் கூடக் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

"சுகுமாரன் சீசன் என்னாச்சு? தொண்ணூத்தி ஒண்ணு."

"அவன்தான் ரெண்டாவது. அவன் காலத்துல தூரக் கோடு வந்திருச்சு. கோட்டுக்கு வெளிய நின்னு போட்டா மூணு பாயிண்டு. எண்பத்தி மூணுல நான் அதே எடத்துல நின்னு போட்டாலும் ரெண்டுதான். அதையும் சரிக்கட்டிப் போட்டேன்."

"அதுல யாரு வந்தா?"

"அதுல நான் இன்னும் நல்லா வந்தேன்."

ஆசீர்வாதம் பென்சில் முனையை ஊதுனாரு. சாயந்தரம் காட்சி மேட்ச் ஒண்ணு இருக்கு. முதல் பாதிக்குச் சிவப்பு, ரெண்டாம் பாதிக்கு நீலம். இப்பல்லாம் அப்படிப் பாதி கிடையாது, நாலா பிரிச்சிட்டான். அவரு ரெண்டு பென்சிலைத்தான் சீவுவாரு.

"பொறவு என்ன அண்ணாச்சி. எழுதச் சொல்லிருங்க."

"எங்கயோ இடிக்குதுவே."

"எங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இந்த வெயில்ல உம்மகிட்ட வாறேன். பத்து நாளாச் சோறு எறங்கல. கணக்கு சரியா இருக்கு. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

வெளிய பெயிண்டர் ஏணியை இழுத்துப் போடுற சத்தம் கேட்டுச்சு.

பெத்துராஜ் வேற ஏதோ பேசுற மாதிரி சொன்னாரு. "மூணரை பஸ்ல அமானுல்லா வாரான்."

ஆசீர்வாதம் சீவுறதை நிறுத்துனாரு.

அமானுல்லா எண்பத்தி மூணுல அதே டீம்ல ஆடுனவரு. கூடைக்கு அடியில நின்னு இடிபடுறதுதான் அவரு வேலை. அந்த ஒரு வருசம்தான் மில்லுக்கு ஆடுனாரு. அந்த வருசக் கடைசில மில்லு அவரை வேலையை விட்டு அனுப்பிருச்சு. மேலப்பாளையத்துல வளையல், பொட்டு விக்கிற கடை வச்சு அதுலயே காலத்தை ஓட்டிட்டாரு. அதுக்குப் பொறவு இந்த ஊருக்கு வந்ததே இல்ல. கமிட்டி எல்லாருக்கும் கடுதாசி போட்டுச்சு. எல்லாரும் உடம்பு சரியில்ல, பேத்திக்குப் பரீட்சைன்னு பதில் போட்டாங்க. அவரு மட்டும் வாரேன்னு போட்டிருந்தாரு.

"அவரு லிஸ்ட்ல எத்தனாவது?"

"அமானுல்லாவா?" பெத்துராஜுக்கு லேசா சிரிப்பு வந்துச்சு. "அவன் எங்கவே லிஸ்ட்ல. ஆறு பாயிண்டுக்கு மேல ஒரு மேட்ச்லயும் போட்டதில்ல. ஆட்டம் முடியுற வரைக்கும் நின்னதுகூட இல்ல. அஞ்சு ஃபவுல் வாங்கி வெளிய வந்து உக்காந்திருப்பான்."

ஆசீர்வாதம் எந்திரிச்சுப் போனாரு. தகரப் பெட்டியைத் திறந்தாரு. சணல் கயிறு கட்டுன எண்பத்தி மூணாம் வருச ஷீட்டுக் கட்டைக் கொண்டு வந்து அவுத்தாரு. மேல இருந்த ஷீட்டை எடுத்து பெத்துராஜ் பக்கம் திருப்பி வச்சாரு.

"படிங்க."

"இதைத்தானவே பத்து நாளாப் படிக்கேன்."

"இன்னொரு வாட்டி."

ஸ்கோர் ஷீட்ல ரெண்டு பக்கம் உண்டு. வலது பக்கம் பாயிண்டு, பந்து விழ விழ ஏறிக்கிட்டே போகும். இடது பக்கம் ஆடுறவன் பேரு, நம்பரு, ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஃபவுல் குறிக்க அஞ்சு கட்டம்.

பெத்துராஜ் வலது பக்கத்துல விரலை வச்சு ஆரம்பிச்சாரு. "நாலாம் நம்பரு, ரெண்டு. நாலாம் நம்பரு, ரெண்டு. மறுபடி நாலு..." நாலாம் நம்பரு அவருதான். குரல்ல கொஞ்சம் தெம்பு வந்துச்சு.

ஆசீர்வாதம் உள்ளங்கையை விரிச்சு வலது பக்கத்து மேல வச்சு மூடிட்டாரு.

"இப்பப் படிங்க."

"மறைச்சுக்கிட்டு படின்னா என்னத்தப் படிக்க? ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமே இல்லையா?"

"பேரு இருக்கு. ஃபவுல் கட்டம் இருக்கு."

"அதைப் படிங்க."

பெத்துராஜ் கண்ணாடியை மேல தள்ளுனாரு. "நாலு, பெத்துராஜ். ஒரு ஃபவுல். எட்டு, அமானுல்லா. அஞ்சு."

ஆசீர்வாதம் அடுத்த ஷீட்டை வச்சாரு. கை அதே எடத்துல.

"நாலு, ஒண்ணுமில்ல. எட்டு, அஞ்சு."

அடுத்தது.

"நாலு, ஒண்ணு. எட்டு, அஞ்சு."

அடுத்தது.

"நாலு, ஒண்ணுமில்ல. எட்டு, நாலு. பரவாயில்லயே, இந்த மேட்ச்ல தப்பிச்சிருக்கான்."

"அதுல நீங்க காய்ச்சல்னு பாதிலயே உக்காந்துட்டீங்க."

பெத்துராஜ் அவரைப் பாத்தாரு. அவரு ஷீட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு.

இருபத்தாறு ஷீட்டு. பன்னெண்டாவதுக்கு மேல பெத்துராஜ் சத்தமாப் படிக்கல. உதடு மட்டும் அசைஞ்சுச்சு. இருபதுக்கு மேல அதுவும் இல்ல.

"உங்களுக்கு மொத்தம் எத்தனை அண்ணாச்சி?"

"பதினொண்ணு."

"ஒரு சீசனுக்கு."

"நான் சுத்தமா ஆடுனவன்வே."

ஆசீர்வாதம் ஷீட்டு மேல இருந்த கையை எடுத்தாரு. எடுத்த கையை அப்படியே தலைக்கு மேல தூக்குனாரு. தூக்குனபடியே உக்காந்திருந்தாரு.

பெத்துராஜ் அந்தக் கையைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அவரு முகத்துல இருந்த தெம்பெல்லாம் எங்கயோ போயிருச்சு.

அந்தக் காலத்துச் சட்டம் அது. ரெஃபரி ஃபவுல்னு விசில் ஊதுனா, செஞ்சவன் தானாக் கையைத் தூக்கணும். ரெஃபரி கையைப் பாத்து, அந்த நம்பரை ஸ்கோர் மேசைக்குக் காட்டுவாரு. கூடைக்கு அடியில ஆறு பேரு பின்னிக்கிட்டு விழுவானுவ. எவன் முழங்கை எவன் மூக்குல பட்டுச்சுன்னு ரெஃபரிக்கே பாதி நேரம் தெரியாது. கை எங்க இருக்கோ, ஃபவுல் அங்க.

"கையை எறக்கும்வே."

ஆசீர்வாதம் எறக்குனாரு.

"உமக்குத் தெரியுமா?"

"மேசைல உக்காந்தா நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சும் அவன் பேருக்கா எழுதுனீரு?"

"ரெஃபரி காட்டுன நம்பரை எழுதுனேன். எனக்குக் குடுத்த வேலை அதுதான்."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா."

"நீங்க சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி."

ஃபேன் சுத்துச்சு. ஷீட்டு ஓரமெல்லாம் படபடன்னு அடிச்சுச்சு. ஆசீர்வாதம் பென்சிலை எடுத்துக் குறுக்க வச்சாரு.

"முதல் தடவை, நான் இடிச்சதுக்கு அவன் கையைத் தூக்குனப்ப, அவனும் ஏதோ இடிச்சிருப்பான்னு நெனச்சேன்," பெத்துராஜ் சொன்னாரு. "ரெண்டாவது தடவை திரும்பி அவனைப் பாத்தேன். அவன் என்னையப் பாக்கல. பொறவு நான் திரும்பிப் பாக்குறதையே விட்டுட்டேன்."

"ம்."

"பழகிப் போச்சு. விசில் கேட்டதும் நான் பாட்டுக்கு அடுத்த எடத்துக்கு நடந்து போயிருவேன். கை தூக்கணும்ங்கிறதே மறந்து போச்சு."

"அவருகிட்டக் கேக்கலையா?"

"ஒரு நாள் கேட்டேன். ஏம்லே இப்படிப் பண்ணுதேன்னு. நீ வெளிய போயிட்டா கூடைல யாரு போடுவா, நானா போடுவேன்னான். சொல்லிட்டு என் சோடாவையும் சேத்துக் குடிச்சிட்டுப் போயிட்டான்."

இந்தக் கதை இங்க நிக்காதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

"வருசக் கடைசில மேனேஜர் ஷீட்டெல்லாம் கேட்டு வாங்கிப் பாத்தாரு," பெத்துராஜ் சொன்னாரு. "மேட்ச்சுக்கு மேட்ச் அஞ்சு ஃபவுல் வாங்குறவனுக்கு எதுக்குச் சம்பளம்னாரு. என்னையக் கூப்பிட்டு விட்டாரு. நீதான் கேப்டன், நீ சொல்லு, இவன் வேணுமா வேண்டாமான்னாரு."

என்ன சொன்னீங்கன்னு ஆசீர்வாதம் கேக்கல.

"உங்க இஷ்டம் சார்னேன்."

சொல்லிட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "நாப்பத்தோரு வருசமாச்சுவே. பொண்டாட்டிகிட்டக்கூட இதைச் சொன்னதில்ல. இப்பத்தான் சொல்லுதேன்."

"எனக்குச் சொல்ல வேண்டியதில்ல அண்ணாச்சி. அந்த ஷீட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு மேனேஜர் ரூமுக்கு வந்தது நான்தான். கதவு தெறந்துதான் இருந்துச்சு."

பெத்துராஜ் நிமிந்து பாத்தாரு.

"எனக்குப் பத்தொம்பது வயசு," ஆசீர்வாதம் சொன்னாரு. "எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்துச்சு."

அவரு குரல் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஸ்கோர் சொல்ற குரல்தான்.

பெத்துராஜ் சட்டைப் பையிலேருந்து மடிச்ச காகிதத்தை எடுத்தாரு. ஏழு கணக்கும் அதுலதான் இருக்கு. விரிச்சாரு. மறுபடி மடிச்சாரு.

"சரி. இப்பச் சொல்லும். அந்த சீசன் முதல்ல வருதா, வரலையா?"

"மேட்ச்சுக்கு முப்பத்தோரு பாயிண்டு. அத்தனையும் கூடைல விழுந்த பந்து. நான் என் கையால எழுதுனது. ஒண்ணுகூடப் பொய் இல்ல."

"அப்ப வருது."

"வருது. அது மாதிரி ஒரு சீசன் இந்த மைதானத்துல இன்னும் வரல."

"அப்ப என் பேரை எழுதச் சொல்லிரட்டா?"

"பேரை நான் சொல்லல. சீசனைச் சொன்னேன்."

"என்னவே இது. எதையாவது ஒண்ணை வெளங்குற மாதிரி சொல்லும். பெயிண்டர் நிக்கான்."

ஆசீர்வாதம் ஷீட்டையெல்லாம் அடுக்குனாரு. ஓரம் தட்டுனாரு. சணலைச் சுத்துனாரு. முடிச்சுப் போட அவருக்கு ரெண்டு தடவை ஆச்சு. விரல் முன்ன மாதிரி மடங்கல.

"அண்ணாச்சி, பத்து நாளா ஷீட்டைக் கேட்டீங்க. இன்னைக்கு என்னையக் கேக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதான். மேசைக்கு இந்தப் பக்கம் என்ன தெரியுமோ அதுதான் எங்களுக்குத் தெரியும். உள்ள நின்ன ஆளு பஸ்ல வாராரு."

"அவன்கிட்டப் போயி இதை என்னன்னு கேக்க?"

ஆசீர்வாதம் பெட்டியை மூடுனாரு.

"கேட்டா அவன் சிரிப்பான்வே. போவட்டும்லே பழசுன்னு சொல்லிருவான். அப்படிச் சொல்லிட்டான்னா நான் என்ன செய்ய?"

ஆசீர்வாதம் சிவப்புப் பென்சிலை எடுத்து, சீவி முடிச்ச முனையைப் பாத்தாரு. போதாதுன்னு பட்டிருக்கும். மறுபடி சீவ ஆரம்பிச்சாரு.

பெத்துராஜ் நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்சாரு. எந்திரிக்கல. பிடிச்சபடியே இருந்தாரு.

வெளியிலேருந்து பெயிண்டர் கத்துனான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. மூணரை பஸ்ல எறங்கி ஒரு பெரியவரு இங்க வந்து நிக்காரு. கண்ணு சரியாத் தெரியாது போலுக்கு. சுவத்தைத் தடவித் தடவி உங்க பேரைத் தேடுதாரு. ஈரப் பெயிண்டு, ஏழாவது ஆளு பேரு பூராவும் அவரு கைல வந்திருச்சு. இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டேங்காரு. பெத்து பேரு இல்லாம எப்படிலே லிஸ்ட்டு போட்டீங்கன்னு என்னையப் போட்டு ஏசுதாரு."

பெத்துராஜ் எந்திரிச்சாரு. இந்தத் தடவை யோசிக்கல.

வாசலைத் தாண்டிப் போனாரு.