சிவப்புப் பூவைச் சுற்றி விட்ட இடம்

கோத்தகிரியில் எஸ்தர் என்று ஒருத்தி இருந்தாள். எதையும் ஆசையாக ஆரம்பிப்பாள், பாதியில் விட்டுவிடுவாள். ஒரு கை மட்டும் வைத்த ஸ்வெட்டர், தோகை இல்லாத மயில் ஓவியம் என்று அவள் பீரோ முழுக்கப் பாதிப் பொருள்கள். அந்தக் குளிர்காலத்தில் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியவில்லை. கம்பளித் துணியில் ஒரு கால்விரிப்பு செய்வதென்று கிளம்பினாள்.

"இதையாவது முடிப்பியா?" என்றான் கணவன் தேவசகாயம்.

"முடிச்சு உங்க காலடியிலேயே போடறேன், பாருங்க."

செய்முறை எளிதுதான். உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்து ஆணியடித்தாள். பழைய கம்பளித் துணிகளை வெந்நீரில் அலசிக் காயவைத்து நாடா நாடாவாக வெட்டினாள். நாடாவைச் சாக்குக்கு அடியில் இடக்கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து கொக்கியை விட்டு இழுத்தால் ஒரு வளையம் எழும்பி வரும். ஓர் ஓட்டை தள்ளி அடுத்த வளையம். எங்கேயும் முடிச்சு கிடையாது.

நடுவில் ஒரு சிவப்புப் பூ, சுற்றிலும் கருப்பு. இதுதான் அவள் மனதில் இருந்த படம். சிவப்பு, பழைய துணிக் கடையில் கிடைத்த கோட்டு. கருப்பு, ஆடு மேய்ப்பவர் ஒருவர் போர்த்திக் கழித்த கம்பளி.

சட்டத்தின் மேல் வந்ததும் சிவப்பு நாடா முகம் சுளித்தது.

"நான் கிளப் தலைவரின் கோட்டு. என் பக்கத்தில் வருவது யார்?"

"நான்தாங்க, கம்பளி," என்றது கருப்பு. "மழையிலும் பனியிலும் கிடந்தவன்."

"அதுதான் ஆட்டு வாடை. கொக்கி, இவனை என்மேல் இடிக்கவிடாதே. எனக்குச் சுற்றிலும் இடம் வேண்டும்."

கொக்கி கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. பளபளப்பான எதைக் கண்டாலும் அதற்குக் குனியத் தோன்றும். "தங்களுக்கு இல்லாத இடமா?" என்றது.

அடியிலிருந்து சாக்கு மெல்லப் பேசியது. "ஐயா, என் உடம்பெல்லாம் ஓட்டை. உங்களை இறுக்கிப் பிடிக்க என்னால் ஆகாது. நீங்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நின்றால்தான் உண்டு."

"உருளைக்கிழங்கு சுமந்தது உபதேசம் செய்கிறது!" என்றது சிவப்பு. கொக்கி விழுந்து விழுந்து சிரித்தது.

எஸ்தருக்கு இவர்கள் பேச்சு கேட்கவில்லை. ஆனாலும் பூ எடுப்பாகத் தெரியட்டும் என்று அவளாகவே சிவப்பு வளையங்களைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். பூவைச் சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டாள். கருப்பை மட்டும், அது சாதாரணத் துணிதானே என்று, நெருக்கி நெருக்கிக் குத்தினாள்.

விரிப்பு முடிந்தது. தேவசகாயம் நம்பமாட்டாமல் இரண்டு தடவை குனிந்து பார்த்தான். பக்கத்து வீட்டுக் கமலவேணி வந்தவள், "பூ தனியா நிக்குது பாருங்கக்கா, ராணி மாதிரி!" என்றாள். சிவப்பு இன்னும் கொஞ்சம் உப்பியது.

அன்று மாலையே வீட்டு நாய் பிஸ்கட் அதன்மேல் ஏறிப் படுத்தது. எழும்போது பின்கால் நகம் கருப்பில் மாட்டியது. உதறியது, கருப்பு அசையவில்லை. அடுத்த காலின் நகம் சிவப்பில் மாட்டியது. உதறியது. ஒரு வளையம் வந்தது. அதன் பின்னால் அடுத்தது. பிஸ்கட் பயந்து ஓட, கிளப் தலைவரின் கோட்டு நாடா நாடாவாகக் கூடம், சமையலறை, கொல்லைப்புறச் சேறு என்று எல்லா இடமும் இழுபட்டுப் போனது.

"பிடி! பிடி!" என்று கத்தியது சிவப்பு.

"எட்டலைங்களே," என்றது கருப்பு. உண்மையாகவே எட்டவில்லை.

நடுவில் வெறும் சாக்கு தெரிய, எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி விடு. பீரோவுல வச்சிடு," என்றான் தேவசகாயம். ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

விரிப்பைத் தூக்கி அடுப்பில் போடப் போனவள், ஆத்திரத்தில் ஒரு கருப்பு வளையத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் வரவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். நெருக்கமா இருக்கறது நின்னுடுச்சு. அழகா இருக்கட்டும்னு இடம் விட்டேன் பாருங்க, அதுதான் போயிடுச்சு."

சிவப்பு நைந்து நார் நாராகிவிட்டிருந்தது, இனி ஆகாது. தேவசகாயம் உள்ளே போய்த் தன் சாம்பல் நிறக் கம்பளிக் கால்சட்டையைக் கொண்டுவந்தான்.

"இதை வெட்டிக்கோ."

"இது நீங்க போடறதாச்சே?"

"காலுக்குத்தானே? மேலே போட்டா என்ன, கீழே போட்டா என்ன?"

சாம்பல் நாடா சட்டத்தில் ஏறியது. "இடிக்கிறேனோ?" என்று தயங்கியது கருப்பு.

"நல்லா இடிங்க. குளிருது," என்றது சாம்பல்.

கொக்கி இந்தமுறை வாயைத் திறக்காமல் வேலை செய்தது. விரிப்பு மறுபடி தரைக்கு வந்தபோது கமலவேணி கன்னத்தில் கை வைத்தாள். "சாம்பல்ல பூவா? எந்த ஊர் டிசைன்க்கா இது?"

"என் யோசனைதான்," என்றது கொக்கி, ஆணியில் தொங்கியபடி.

சிவப்பு நாடாவைத் தூக்கி எறிய எஸ்தருக்கு மனம் வரவில்லை. கொல்லையில் அவரைப் பந்தலின் குச்சியில் சுற்றிக் கட்டினாள். அங்கே அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருவரும் இல்லை. மழை பெய்தது, சாயம் வெளுத்தது. அவரைக்கொடி வந்தது, அது யாருடைய கோட்டு என்று விசாரிக்காமல், அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டது.