கீழ்மடத்தில் கங்கு இல்லை

மலைமேல் மடத்தில் தீப்பெட்டி வைக்கும் வழக்கம் இல்லை. அடுப்பில் கனன்று கிடக்கும் கங்குகளைச் சாம்பல் போட்டு மூடி வைப்பார்கள். அணைந்துபோனால் கீழ்மடத்துக்கு இறங்கி ஒரு கங்கு வாங்கி வருவார்கள். அங்கே அணைந்தால் அவர்கள் மேலே ஏறி வருவார்கள்.

ஒருகாலத்தில் மேல்மடத்தில் பதினோரு பேர். இப்போது குருசாமியும், அவரைவிட மூன்று வயது மூத்த சிஷ்யை வடிவாம்பாளும்தான்.

அன்று காலை அடுப்பு செத்துக் கிடந்தது. முந்தின இரவு அசதியில் வடிவாம்பாள் கங்குகளை மூடாமலே படுத்துவிட்டாள். சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வெறும் சட்டியோடு ஏறி வந்தாள்.

"கீழ்மடம் பூட்டிக் கிடக்கு சாமி."

"முதல்ல உட்காரும்மா. மூச்சு வாங்குது பாரு."

உட்கார்ந்தாள். அவள் மனசு அடுப்பில் இல்லை. இரட்டைப் பிள்ளை பெற்ற மகள், ஒண்டியாக முடியவில்லை, தூங்கியே மாசமாகிறது, வந்துவிடு அம்மா என்று சொல்லியனுப்பி எட்டு நாளாகிறது. போனால் சாமி தனியாள். அதை எப்படிச் சொல்வது? வேறு எதையோ கேட்டாள்.

"குகை பார்க்க வந்த பிள்ளைங்க சொன்னாங்களே, நியாண்டர்தால்னு ஆதி மனுஷங்க. நம்மளவிட பலசாலியாம். நடக்க முடியாதவங்களைக்கூட உட்காரவச்சுச் சோறு போட்டாங்களாம்."

"சோறா?"

"கறியோ கிழங்கோ, என்னமோ ஒண்ணு. அப்படிப்பட்டவங்க எப்படி சாமி இல்லாமப் போனாங்க? யாரு கொன்னது?"

"கீழ்மடத்துல யாரு கொன்னது?"

"ஐயோ, அங்க யாரைக் கொன்னாங்க? ஆடு மேய்க்கிறவ சொன்னா. ஒருத்தருக்கு முட்டி வலி, மகன் வீட்டுக்குப் போயிட்டாராம். ஒருத்தர் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டார். மிச்சம் ரெண்டு பேரு. தண்ணி தூக்கக்கூட ஆள் இல்லாம அவங்களும் பூட்டிட்டு..."

வெறும் சட்டியைக் கீழே வைத்தாள்.

சாமி முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுஷங்க எல்லாருமேவா செத்தாங்க?"

"இல்ல சாமி. சில பேரு புதுசா வந்த கூட்டத்தோட போய்க் கலந்துட்டாங்களாம். அவங்க ரத்தம் துளி நம்ம உடம்புலயும் ஓடுதாம்."

"ஓடட்டும்."

பிறகுதான் அவள் மகள் சொல்லியனுப்பியதைச் சொன்னாள்.

"போனா நீங்க ஒத்தை ஆளு. போகலைன்னா அவ ஒத்தை ஆளு. எனக்கு ஒண்ணும் ஓடலை சாமி."

சாமி மெல்ல எழுந்து உள்ளே போனார். இருந்த இரண்டு வேட்டியைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். மடத்துக் கதவைச் சாத்தினார்.

"சாமி! மடம்?"

"வடிவம்மா, உன் மக குழம்புல காரம் ரொம்பப் போடுவாளா? எனக்கு வயித்துக்கு ஆகாது."