பதினோராவது கிணறு

“மேடம், இதை முதல்ல யார்கிட்ட சொல்றது?”

மாசிலாமணி கேட்டுவிட்டு நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி ரெஹானா, அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர்.

அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு, நாற்பது கிணறுகளின் தண்ணீரில் எவ்வளவு என்று அளந்து மாசிலாமணி ஓர் ஆய்விதழில் அட்டவணை வெளியிட்டிருந்தார். கருவியைச் சரிபார்க்கும் கரைசலைக் கலக்கியதும் அவர்தான். அதில்தான் கை தவறியிருந்தது. இரண்டு மடங்கு அடர்த்தியாகக் கலந்துவிட்டார். அதனால் ஒவ்வொரு கிணறும் உள்ளதில் பாதியைத்தான் காட்டியிருந்தது. பழைய குறிப்பேட்டைப் புரட்டும்போது கண்ணில் பட்டது.

தப்பு அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அட்டவணையை மூன்று பேர் எடுத்துப் போயிருந்தார்கள். மண்ணில் கிடைத்த மாட்டெலும்புகளுக்கு வயது கணிக்கும் தொல்லியல் ஆய்வாளர் ஒருவர். கீரைப் பயிரை ஆராயும் பெண் ஒருவர். எலும்பு மருத்துவர் ஒருவர்.

மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

அவரே ஒரு யோசனையும் வைத்திருந்தார். தொல்லியல் ஆய்வாளர் நண்பர், பொறுத்துக்கொள்வார். அவரிடம் முதலில் சொல்லலாம். அடுத்து கீரை ஆராயும் அம்மா. அதற்குள் திருத்தம் எழுதி இதழுக்கு அனுப்பிவிட்டால், மருத்துவர் தாமாகவே படித்துத் தெரிந்துகொள்வார்.

ரெஹானா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“யாரை நினைச்சா உங்களுக்குப் பயமா இருக்கு, சார்?”

“டாக்டரை.”

“ஏன்?”

அட்டவணையைப் பார்த்துப் பதினோராவது கிணற்றில் நல்ல தண்ணீர் என்று நம்பி, அங்கிருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழாய் போடச் சொல்லியிருந்தார் மருத்துவர். அதை நூற்றிருபது பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்றார் மாசிலாமணி.

“அப்ப வரிசை உங்களுக்கே தெரிஞ்சிருக்கு.”

ரெஹானா மேசையிலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

எண்ணை அழுத்தியபின் மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் போனால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது மாசிலாமணிக்கு. அப்படித் தோன்றியதே வெட்கமாக இருந்தது.

மருத்துவர் எடுத்தார். மாசிலாமணி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

மறுமுனையில் கோபம் இல்லை. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பள்ளித் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு உடனே குழாயை மூடச் சொல்லும்படி மருத்துவர் யாரிடமோ சொல்வதும் கேட்டது.

பிறகு திரும்பிவந்து கேட்டார்.

“இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

இன்றைக்குத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாசிலாமணி ரெஹானாவைப் பார்த்தார்.

ரெஹானா எழுந்துபோய், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“நாலு நாளா,” என்றார் மாசிலாமணி.