வண்டு அலமாரிக்குக் காவல்

பொதிகை மலையில் பிடித்து, வகை பிரித்து, பெயர் ஒட்டி அருங்காட்சியக அலமாரியில் ஊசி குத்தி வைத்திருந்த வண்டுகளை எல்லாம் உயிருள்ள பூச்சிகள் தின்றுவிட்டன. பெட்டிகளில் ஊசியும் பெயர்ச் சீட்டும்தான் மிச்சம்.

சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ரெஜினாவின் எதிரிலேயே, இயக்குநர் திருவேங்கடநாதன் துப்புரவுப் பணியாளர் முத்துப்பேச்சியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் உன் அசட்டை! இனி ஒரு பூச்சி இந்த அலமாரிப் பக்கம் வந்தாலும் உனக்கு வேலை கிடையாது."

"வராம பாத்துக்கிடலாம் அய்யா" என்ற முத்துப்பேச்சி, ஒரு நாற்காலியை இழுத்து வந்து அலமாரியை ஒட்டிப் போட்டாள். "நீங்க இதுல உக்காந்துக்கிட்டா போதும்."

"என்ன, கிண்டலா?"

"ஐயோ, இல்லய்யா. உங்க கோட்டு வாசத்துக்கு ஒண்ணுகூட அண்டாது."

ஆய்வுக்கென்று பீரோவிலிருந்து எடுத்து மாட்டி வந்த கோட்டு அது. ரெஜினா கிட்டே போய் முகர்ந்தார்.

"அந்துருண்டை!" என்றார். அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்தார். அங்கே ஒரு வாசமும் இல்லை. "மாதாமாதம் அலமாரிக்கு வாங்கியதாகக் கணக்கில் இருப்பதெல்லாம் எங்கே சார்?"

இயக்குநர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"எங்கே போகிறீர்கள்?" ரெஜினாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்கள் வீட்டிலிருந்து உருண்டைகள் வந்து சேரும்வரை உட்காருங்கள்."

உட்கார்ந்தார். சாயங்காலம்வரை ஒரு பூச்சியும் வரவில்லை.