நீதிபதியின் குதிரை போன இடம்

அமெரிக்காவில் நீதிபதிகள் குதிரையேறி ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்ட காலம். குடியை ஒழிப்பேன் என்று தேர்தலில் நின்ற நீதிபதி கிரிம்ஷாவின் குதிரை காணாமல்போய், சாராயக்கடைப் பின்வாசலில் அகப்பட்டது. லாயக்காரன் சைலஸ்மேல் பழி விழுந்தது. குதிரை திருடினால் தூக்குதான். நீதிமன்றத்துக்கு வெளியே மரத்தில் கயிறும் தொங்கியது.

"நீ எடுக்கலைன்னு நிரூபிச்சுக் காட்டு" என்றார் நீதிபதி.

சைலஸ் கயிற்றைப் பார்த்தான். "ஐயா, அது கட்டு அவிழ்ந்து தானாப் போச்சு. இப்பவும் அவுத்துவிட்டுப் பாருங்க."

நீதிபதி தடுப்பதற்குள் யாரோ அவிழ்த்துவிட்டார்கள். குதிரை நேரே அந்தப் பின்வாசலில் போய் நின்றது. ஊரே பின்னால் வந்து நின்றது. குளம்புச் சத்தம் கேட்ட கடைக்காரன், கதவிடுக்கில் புட்டியை நீட்டினான்.

"என்ன ஜட்ஜ் ஐயா, இன்னிக்குப் பகல்லயே வந்துட்டீங்க?"