குப்பைமேனி வட்டம்

பேராசிரியர் சங்கரபாண்டியனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்த மாத்திரைக்கும் சாகாத கிருமியைக் குப்பைமேனிச் சாறு கொல்லும் என்று ஊரெல்லாம் அளந்துவிட்டார். அதைப் பார்த்து ஒப்பந்தம் போட மருந்துக் கம்பெனி முதலாளி மொய்தீன் மறுநாள் வருகிறார். கிருமியோ சாகிற வழியாக இல்லை.

"கிருமி செத்தா சாறைச் சுத்தி வட்டம் விழணுமே, எங்க?" என்று ஆராய்ச்சி மாணவி பொற்கொடி மேல் பாய்ந்தார்.

"சாறு ஸ்பிரிட்டுல கரைச்சது சார். ஸ்பிரிட்டே கிருமியைக் கொன்னுடும். அதனால அது நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் சாறு நனைச்ச காகிதப் பொட்டைக் கிருமித் தட்டுல வச்சேன்."

"உன்னை யாரு காயவைக்கச் சொன்னா? ஈரத்தோட வை! வட்டம் இல்லேன்னா உன் ஆய்வேட்டுல என் கையெழுத்தும் இல்லை."

வருஷக்கணக்கான உழைப்பு அந்தக் கையெழுத்தில் தொங்கியது. பொற்கொடி, "சரி சார்" என்றாள்.

மறுநாள் தட்டில் இரண்டு பொட்டு, இரண்டு வட்டம். ஒன்று கொஞ்சம் பெரிது.

"இதுல உங்க சாறு எது?" என்றார் மொய்தீன்.

பேராசிரியர் ஒப்பந்தத்துக்காகத் திறந்து வைத்திருந்த பேனாவாலேயே பெரிய வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இதுதான்! கிருமி ஓடியிருக்கு பாருங்க!"

மூடி மாறிப்போகும் என்பதால் ஆய்வகத்தில் பெயரைத் தட்டின் அடியில்தான் எழுதுவார்கள். பொற்கொடி தட்டைத் திருப்பினாள். பெரிய வட்டத்தின் அடியில் 'வெறும் ஸ்பிரிட்' என்றிருந்தது.

"இதை யாரு வைக்கச் சொன்னா?" என்று கத்தினார் பேராசிரியர்.

"வட்டம் இல்லேன்னா என் ஆய்வேட்டுல கையெழுத்து இல்லைன்னீங்க சார். ஒண்ணுக்கு ரெண்டா வச்சேன்."

மொய்தீன் சிரித்துவிட்டார். "ஸ்பிரிட் என் கம்பெனியிலேயே பீப்பாய் பீப்பாயாக் கிடக்கு சார். எடுத்த பேனாவை மூடாதீங்க, இந்தப் பொண்ணு ஆய்வேட்டுல கையெழுத்தைப் போடுங்க. நான் பார்த்துட்டே போறேன்."

போட்டார். போடாமல் என்ன செய்வார்?